தூண்டில் முள்ளுக்கு ஜிகினா

ஜிகினா என்றதும் நமக்குக் கிறிஸ்துமஸ் குடிலும், பள்ளி நாடகத்து ராஜாவின் கிரீடமும்தான் நினைவுக்கு வரும். மீன் பிடிக்கும் முள்ளுக்கு ஜிகினா போடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கடந்த கோடை விடுமுறையில், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கார் ஷெட்டில் உட்கார்ந்து நானே அந்த வேலையைச் செய்தேன். முதல் பதினொரு முட்களைக் கெடுத்தும் வைத்தேன்.

மினசோட்டாவில் ஏரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மே மாத நடுவில் ‘வாலை’ என்னும் மீனைப் பிடிக்கும் காலம் தொடங்குகிறது. அதுவே அம்மாநிலத்தின் மாநில மீன். அதைப் பிடிக்கப் பலர் பயன்படுத்துவது ‘ஜிக்’. முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்து, பட்டாணி அளவில் ஒரு தலை செய்திருப்பார்கள். எடை மூன்று கிராமோ ஏழு கிராமோ இருக்கும். தண்ணீரில் இறக்கி, நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுத்தால் அது குட்டி மீனைப் போலத் துள்ளும்.

துள்ளினால் மட்டும் போதாது, மின்னவும் வேண்டும். மீன் செதிலின் வெள்ளிப் பளபளப்புக்குக் காரணம், குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள். குட்டி மீன் உடலைத் திருப்பும்போதெல்லாம் அவை கண்ணாடித் துண்டுகள் போல ஒளியை வீசுகின்றன. இதே பொருளை 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் ழாக்கென் என்ற செபமாலை செய்பவர் செதில்களிலிருந்து எடுத்து, கண்ணாடி மணிகளின் உள்ளே பூசிச் செயற்கை முத்து செய்தார் என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அன்று மீனின் மினுக்கம் மணிக்குப் போனது. இன்று நாம் செய்த மினுக்கம் மீனைத் தேடிப் போகிறது! ஜிகினா என்பதும் குட்டிக் கண்ணாடிதானே. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் படியவைத்து, பொடிப் பொடியாக வெட்டுகிறார்கள். வெள்ளி நிறமே நல்லது என்பது மாமாவின் கட்சி. சிவப்பு ஒளி தண்ணீரில் சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் மறைந்துவிடுவதால் சிவப்பு ஜிகினா அங்கே கறுப்பாகத் தெரியும். வெள்ளியோ கிடைக்கிற ஒளி எதுவானாலும் அதைத் திருப்பி அனுப்பும்.

இனி வண்ணத்துக்கு வருவோம். நம் ஊரில் ஜன்னல் சட்டங்களுக்குப் ‘பவுடர் கோட்டிங்’ செய்கிறார்கள் அல்லவா, அதன் தம்பிதான் இது. திரவம் கிடையாது, முகப்பவுடர் போன்ற தூள். ஜிக்கைக் குறட்டால் பிடித்து, சூடான காற்றை ஊதும் கருவியின் முன்னே சில விநாடி காட்டி, தூளில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும். சூட்டில் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு சின்ன மின்சார அடுப்பில் தொங்கவிட்டு, சுமார் 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரத்துக்கு மேல் சுட்டால் கல்லில் பட்டாலும் எளிதில் உதிராது. ஈயம் உருக 327 டிகிரி தேவை, ஆகவே பயமில்லை. ஆனால் அந்த அடுப்பில் பிறகு ரொட்டி சுடவே கூடாது. கை கழுவாமல் சமையலறைக்குள் வரவும் அத்தை விடமாட்டார்கள்.

நான் செய்த தவறு இதுதான். நட்சத்திரம் ஒட்டி மிச்சமிருந்த ஜிகினாவை ஊரிலிருந்து ஆசையாக எடுத்துப் போயிருந்தேன். அதை நீலத் தூளோடு கலந்து, பதினொரு ஜிக்குகளை முக்கிச் சுட்டேன். வெளியே வந்தவை எறும்பு மொய்த்த கத்தரிக்காய் போல இருந்தன. மாமா சிரிக்கவில்லை, இரண்டு பிழைகள் என்றார். மலிவு ஜிகினாவில் சில பி.வி.சி. தாளில் செய்தவை, சூட்டில் சுருண்டு கறுத்துவிடும். சூடு தாங்கும் பாலியெஸ்டர் ஜிகினா வேண்டும். அடுத்தது, நிறத்தூளோடு கலந்தால் அந்த நிறமே உருகி ஜிகினாவை மூடிவிடும். கண்ணாடிக்கு வண்ணம் அடித்துவிட்டு முகம் பார்ப்பது போலத்தான்.

சரியான முறையில் முதலில் நிறம் மட்டும் பூச வேண்டும். அது ஈரம் போல மினுங்கிக்கொண்டிருக்கும்போதே, கோலப்பொடி தூவுவது போல விரல் நுனியால் ஜிகினாவைத் தூவ வேண்டும். அதிகம் தூவினால் ஒரே தகடாகிவிடும். இடைவெளி இருந்தால்தான் தனித்தனியாக மின்னும். மறுபடி இலேசாகச் சூடு காட்டி, நிறமற்ற தூளில் முக்க வேண்டும். இந்தத் தூள் முதலில் மாவு பூசியது போல வெள்ளையாகத் தெரியும். “போச்சு, மூடிவிட்டது!” என்று நான் கத்திவிட்டேன். சூடு ஏற ஏற அந்த வெண்மை கரைந்து கண்ணாடியாயிற்று. உள்ளே ஒவ்வொரு புள்ளியும் விழித்துக்கொண்டது. நரம்பு கோக்கும் துளை அடைபட்டிருந்தால் இறுகுமுன் ஊசியால் குத்திவிட வேண்டும்.

மாமாவுக்கு ஒரு கவலை இருந்தது. லூன் என்ற முக்குளிக்கும் பறவை மினசோட்டாவின் மாநிலப் பறவை. இரையை அரைக்க அது கூழாங்கற்களை விழுங்கும். அறுந்து கிடக்கும் ஈயத்தையும் கல்லென்று விழுங்கிவிடும். அல்லது ஜிக்கோடு தப்பிய மீனை விழுங்கும். ஒரு சின்னத் துண்டே அதைக் கொன்றுவிடும். அன்னப்பறவைகள் இப்படி இறந்ததால் இங்கிலாந்தில் 1987இல் சிறிய ஈயக் குண்டுகளைத் தடை செய்தார்கள். “வண்ணம்தான் ஈயத்தை மூடியிருக்கிறதே, மாமா?” என்று கேட்டேன். “அரைப்பதற்காகத்தானே அது கல்லை விழுங்குகிறது? வயிற்றுக்குள் பூச்சு எத்தனை நாள் நிற்கும்?” என்றார்.

அதனால் பிஸ்மத்தும் தகரமும் கலந்த உலோகத்தில் ஆறு ஜிக்குகள் வார்த்தார். நான் அழகாக ஜிகினா தூவி அடுப்பில் தொங்கவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கம்பியில் ஆறு வெறும் முட்கள். அடியில் ஆறு வெள்ளிக் குட்டைகள்! அந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடுமாம். பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தோம்.

அத்தை உள்ளே போய், ஜிகினா கலந்த தம் நகப்பூச்சைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு அடுப்பே வேண்டாம், காற்றில் காயும். நம் பள்ளியில் நகப்பூச்சுக்கு அனுமதி இல்லாததால் எனக்குப் பழக்கமில்லை. முதல் இரண்டு கோணலாகத்தான் வந்தன. அந்தப் புட்டி இன்னும் கார் ஷெட்டில்தான் இருக்கிறதாம்.