டானர்: தோலும் துட்டும்

ஆங்கிலத்தில் ‘டானர்’ என்றால் தோல் பதனிடுகிறவன். அதே சொல்லை லண்டன் மாநகரத்துச் சாமானிய ஜனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறு பென்ஸ் வெள்ளி நாணயத்துக்கும் பெயராக வழங்கினார்கள். பூட்ஸுக்கு மூலமான தோலும் அதை வாங்கும் காசும் ஒரே சொல்லுக்குள் குடிபுகுந்த இவ்விநோதம், தோல் ஷாப்புகளின் நெடியிலேயே வளர்ந்த திண்டுக்கல்வாசிகளாகிய நமக்குச் சற்று விசேஷமானது.

தோல் சம்பந்தமான அர்த்தத்தின் பூர்வீகம் தெளிவாகவே இருக்கிறது. மத்தியகால லத்தீனில் ‘டன்னும்’ என்பது ஓக் மரத்தின் பட்டை. அவர்களுக்கு ஓக், நமக்கு ஆவாரை. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் நீங்கிய தோல், ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடந்து, கடைசியில் கடுக்காய் நீரில் முழுகி எழுந்தால் அழுகாத சரக்காகிவிடும்.

நாணயத்துக்கு அப்பெயர் வந்தது எப்படி? இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் டானர் என்ற ஒருவர் நாணயசாலையில் அச்சு வெட்டும் சித்திரக்காரராயிருந்தார். அவர் பெயரே நிலைத்தது என்பர் சிலர். பைபிளில் பேதுரு, தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கினாரல்லவா, அதுவே உலகத்தின் முதல் பாங்கி வியாபாரம் என்பது ஒரு பழைய வேடிக்கை. ஜிப்ஸிகளின் பாஷையில் ‘டானோ’ என்றால் சிறியது. ஷில்லிங்கில் பாதியான சின்னக் காசுக்கு இதுவே பொருந்துமென்பது நமது அபிப்பிராயம்.

சொல்லாராய்ச்சி கிடக்கட்டும். இந்த டானர் நம்மவர் பையைத் தொட்ட கதையும் ஒன்றுண்டு. சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல்கள் சீமைக்குப் போய்ப் பூட்ஸுகளாயின. முதல் உலக யுத்தத்தில் ராணுவத்துக்கும் உதவின. விலையோ பவுன், ஷில்லிங் கணக்கு. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற பழைய விகிதப்படி ஒரு டானருக்கு 6 அணா கிடைக்கும். 1927-ல் சர்க்கார் அதை 1 ஷில்லிங் 6 பென்ஸாகச் சட்டமாக்கினார்கள். ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் கமிஷனிலேயே அதை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதியும் பயனில்லை. அன்று முதல் ஒரு டானருக்கு 5 அணா 4 பைதான். பதனிட்ட கைக்கு உழைப்பு குறையவில்லை. 8 பை மட்டும் குறைந்தது. முதலாளி அதை யார் தலையில் கட்டியிருப்பார் என்று நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை!

ஆறு பென்ஸ் நாணயம் 1980-ல் செல்லாக்காசாயிற்று. இங்கேயோ தோல் ஷாப்புக் கழிவு கிணறுகளில் இறங்கிற்று. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களின் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்களின் கஷ்டத்தை எந்த நாணயத்தில் அளப்பதென்று அத்தீர்ப்பிலும் விகிதம் இல்லை. குழிகளில் இறங்கி உழைத்தவர்களின் வாழ்வைத்தான் டி. செல்வராஜ் நாவலாக எழுதினார். 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற அதன் பெயர் ‘தோல்’.