எஃகைக் காக்கும் கரி

எஃகு எரியாத பொருள். ஆகவே எஃகுத் தூண்களாலும் உத்தரங்களாலும் எழுப்பிய கட்டடத்தைத் தீ ஒன்றும் செய்யாது என்று நீங்கள் எண்ணலாம். கொல்லரின் உலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அங்கே இரும்பு எரிவதுமில்லை, உருகுவதுமில்லை. ஆயினும் பழுக்கக் காய்ந்ததும் சம்மட்டியின் அடிக்கு வளைந்து கொடுக்கிறது அல்லவா? தீப்பற்றிய கட்டடத்திலும் இதுவே நிகழ்கிறது. சம்மட்டியின் வேலையை அங்கே மேல்தளங்களின் எடை செய்கிறது.

எஃகு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். ஆனால் 550 முதல் 600 டிகிரிக்குள்ளாகவே அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் உலைகளில், உலக நாடுகள் ஏற்றுள்ள ஒரு முறைப்படி, வெப்பநிலை 30 நிமிடங்களில் 842 டிகிரியையும், 60 நிமிடங்களில் 945 டிகிரியையும் எட்டும். பாதுகாப்பற்ற எஃகு இதை நெடுநேரம் தாங்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 10 மீட்டர் நீளமுள்ள எஃகு உத்தரத்தின் வெப்பநிலை 500 டிகிரி உயர்ந்தால் அது சுமார் 6 செ.மீ. நீள்கிறது. நீள இடமில்லாதபோது, தன்னைத் தாங்கும் தூணைத் தள்ளும். அல்லது தானே வளையும்.

எனவே எஃகுக்கும் தீக்கும் இடையே வெப்பம் எளிதில் கடத்தாத போர்வை ஒன்று தேவை. எஃகைக் காங்கிரீட்டில் புதைப்பது பழைய வழி. ஆனால் அதனால் எடையும் பருமனும் கூடும். மற்றொரு வழி, பார்வைக்குச் சாதாரண வண்ணப்பூச்சைப் போலவே இருக்கும் ‘உப்பும் பூச்சு’.

தீபாவளிக்குக் கொளுத்தும் பாம்பு மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். சிறு வில்லை ஒன்று சூடேறியதும் கருநிறப் பாம்பாய்ப் பொங்கி நீள்கிறது. உப்பும் பூச்சும் ஏறக்குறைய அப்படித்தான் பொங்குகிறது. அதில் பிசினோடு மூன்று முக்கியப் பொருள்கள் கலந்திருக்கும். பெரும்பாலும் அவை அம்மோனியம் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிட்டால், மெலமைன் ஆகியவை. சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடேறும்போது முதற்பொருள் சிதைந்து பாஸ்பாரிக் அமில வகைகளைத் தருகிறது. அந்த அமிலம் இரண்டாவது பொருளிலிருந்து நீரைப் பிரித்து அதைக் கரியாக்குகிறது. மூன்றாவது பொருள் சிதைந்து எரியாத வாயுக்களை வெளிவிடுகிறது. இளகிய பிசினுக்குள் இவ்வாயுக்கள் குமிழ்களாகச் சிக்கிக்கொள்ள, எல்லாம் சேர்ந்து கரிநுரையாக உப்பி இறுகுகிறது.

ஒரு மில்லிமீட்டர்ப் பூச்சு 50 மடங்கு உப்பினால் 5 செ.மீ. தடிப்புள்ள போர்வை கிடைக்கும். ஒரு தடுப்பின் தடிப்பு கூடக்கூட அதன் வழியே கடக்கும் வெப்பம் குறையும் என்பது நீங்கள் படித்ததே. நுரையிலுள்ள வாயுவோ வெப்பத்தை மிக அரிதாகவே கடத்துவது. இவ்விரண்டும் சேர்ந்து எஃகு சூடேறுவதைத் தாமதப்படுத்துகின்றன.

எல்லா உத்தரங்களுக்கும் ஒரே அளவு பூச்சுப் போதாது. மெல்லிய எஃகில் எடை குறைவு. தீ படும் பரப்பு அதிகம். அது விரைவில் சூடேறும் என்பதால் தடித்த பூச்சு வேண்டும். கனத்த எஃகுக்குக் குறைந்த பூச்சே போதும். பூச்சின் அடியில் துருவைத் தடுக்கும் பூச்சும், பல இடங்களில் மேலே ஈரத்தைத் தடுக்கும் பூச்சும் பூசுவர்.

இப்பூச்சு தீயை அணைப்பதில்லை. அது நமக்கு வாங்கித் தருவது நேரம் மட்டுமே: பூச்சையும் எஃகின் பருமனையும் பொறுத்து அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி. மாடியில் உள்ளோர் படியிறங்கவும், தீயணைப்பு வீரர்கள் உள்ளே சென்று பணிபுரியவும் அந்த நேரம்தான் கைகொடுக்கிறது.

போர்வை அகன்றால் என்ன ஆகும் என்பதை 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் உலகம் கண்டது. அங்கிருந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களின் எஃகில் தெளித்திருந்தது உப்பும் பூச்சு அன்று. வேறு வகைக் காப்புப் பொருள். விமானங்கள் மோதிய வேகத்தில் அது பல இடங்களில் பெயர்ந்து விழுந்தது. தொடர்ந்த தீயில் ஒரு கோபுரம் 56 நிமிடங்களிலும் மற்றது 102 நிமிடங்களிலும் சரிந்தன. காப்பு பரவலாகப் பெயராதிருந்தால் அவை சரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது அமெரிக்க அரசு ஆய்வின் முடிவு.

காப்புப் பெயர விமானம்தான் மோத வேண்டும் என்பதில்லை. குழாய் பொருத்துவதற்காகவோ கம்பி இழுப்பதற்காகவோ சுரண்டி எடுத்த இடத்தை மீண்டும் பூசாமல் விட்டாலும் போதும். தீ வரும்போது அந்த இடத்து எஃகு வெற்றுடம்போடுதான் நிற்கும்.