சங்கமே எடுக்கும் தொலைக்காட்சி விளம்பரம்

நல்ல சரக்கு தானே விலை போகும் என்று அங்கத்தினர் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு. சரக்கு இருப்பதே தெரியாவிடில் வாங்குவோர் எங்ஙனம் வருவர்? 1976-இல் வெளியான ‘மந்தன்’ என்னும் முழுநீளத் திரைப்படத்தைக் குஜராத் பால் கூட்டுறவாளர் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் அளித்துத் தயாரித்தனர். வில்லியனூரிலும் பாகூரிலும் நாம் எடுக்க வேண்டியதோ உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சிக்குரிய 20 விநாடிப் படமே.

அதற்குக் கைப்பேசி ஒன்று போதும். அதைக் கிடைமட்டமாக, அசையாதபடி நிறுத்திக் காலை வெளிச்சத்தில் படம் எடுத்தல் நன்று. தறியோசை பேச்சை விழுங்குமாதலால் குரலைத் தனியறையில் பதிவு செய்க. 20 விநாடியில் 30 சொற்களே நிதானமாக அடங்கும். ஆகவே சரக்கு, விலை, கிடைக்கும் இடம் ஆகிய மூன்றை மட்டும் கூறுக. நடிகர் வேண்டா, நெய்பவர் கையும் நெல் அளப்பவர் முகமுமே போதும்.

ஒளிபரப்புச் செலவுக்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் முதலில் வேண்டும். முந்திய மாத விற்பனையையும் பிந்திய மாத விற்பனையையும் ஒப்பிட்டபின் தொடர்வதா நிறுத்துவதா என முடிவு செய்க.

மெய்ப்பிக்க இயலாத அற்புதச் சிறப்பைப் பொருளுக்கு ஏற்றியுரைப்பதை 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தடுக்கின்றன. விசைத்தறித் துணியைக் கைத்தறி எனக் காட்டினால் கெடுவது ஒரு சங்கத்தின் பெயர் மட்டுமன்று. குழித்தறியில் அமர்ந்துள்ள அனைவரது கூலியுமாகும்.