துப்பாக்கியில டார்ச் மாட்டினா, உறைக்கு வரும் தலைவலி!

அமெரிக்க போலீஸ் இடுப்பைக் கவனிச்சிருக்கீங்களா? பல பிஸ்டல்களில் குழலுக்கு அடியில் குட்டி டார்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் எதிரே நிற்பவர் கையில் இருப்பது கத்தியா, செல்போனா என்று பார்க்க உதவும் சமாசாரம்.

சிக்கல் என்னன்னா, பல டார்ச்கள் துப்பாக்கியைவிட அகலம். அது உள்ளே போகணும்னா ஹோல்ஸ்டரின் வாயும் அகலமாகணும். அப்போ ட்ரிகர் பக்கத்தில் இடைவெளி விழும். சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிறோ, அடுத்தவர் விரலோ அதில் நுழைந்தால்? ட்ரிகரை மூடி வைப்பதுதானே உறையின் முதல் வேலை!

இன்னொரு தொல்லை, பிடிமானம். சாதாரண கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, ட்ரிகர் வளையத்தை 'க்ளிக்' எனக் கவ்விக்கொள்ளும். டார்ச் வந்தால் அந்தக் கவ்வலுக்கு இடமிருக்காது. அதனால் பல உறைகள் டார்ச்சையே பிடித்துக்கொள்கின்றன. டார்ச்சைக் கழற்றிட்டா துப்பாக்கி உள்ளே லொடலொட!

சஃபாரிலேண்டின் ஏ.எல்.எஸ். பூட்டு கொஞ்சம் புத்திசாலி. காலித் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும் துளையில் போய்ப் பூட்டிக்கொள்ளும்; கட்டைவிரலால் நெம்பினால்தான் விடும். ஆனாலும் உறை வாங்கும்போது துப்பாக்கி மாடலோடு டார்ச் மாடலையும் சொல்லியாகணும். ஷூர்ஃபயர் எக்ஸ்300-க்கு வார்த்த உறையில் குட்டியான ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்-7 சரியா உட்காராது.