ரூட்டரைப் பாலமாக்கும் முறை

கண்ணாடி இழை வழியே இணைய இணைப்பு அளிக்கும் நிறுவனங்கள், பெரும்பாலும் ஒரே கருவியில் இரண்டு சாதனங்களை அடக்கித் தருகின்றன. ஒளிச் சைகைகளை மின் சைகைகளாக மாற்றுவது மோடம். அவற்றைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிப்பது ரூட்டர். வீட்டிலோ பள்ளியிலோ இதனுடன் மற்றொரு ரூட்டரைச் சேர்க்கும்பொழுது, பகிர்ந்தளிக்கும் பணியை இரு கருவிகளும் மேற்கொள்கின்றன. அதனால் சில இடையூறுகள் விளைகின்றன.

இதற்குக் காரணம் யாது? இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. ஆகவே, கட்டடத்தினுள் உள்ள கணினிகளுக்கு 192.168 என்பன போன்ற எண்களில் தொடங்கும் உள் முகவரிகள் வழங்கப்படுகின்றன. ரூட்டர் அவற்றை ஒரே வெளி முகவரியாக மாற்றி அனுப்புகின்றது. இம்மாற்றம் இருமுறை நிகழுமாயின், கண்காணிப்புக் காமிரா போன்றவற்றை வெளியூரிலிருந்து அணுகுதல் கடினமாகும். முதற் கருவியைப் பாலமாக, அதாவது ‘பிரிட்ஜ்’ நிலையில் அமைத்தால், அது முகவரிகளை மாற்றாமல் செய்திகளை அப்படியே கடத்தும். மாற்றும் பணி இரண்டாவது ரூட்டருக்கு மட்டுமே உரியதாகும்.

வேலையைத் தொடங்குமுன் இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் ஆகியவற்றை நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இவையின்றி மாற்றினால் இணைப்பு அடியோடு நின்றுவிடக்கூடும். பள்ளியாயின் விடுமுறை நாளில் செய்வது நலம்.

பின்னர், கணினியைக் கம்பி மூலம் முதற் கருவியுடன் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் இணைய இணைப்பின் வகையை ‘பிரிட்ஜ்’ என்று மாற்றவேண்டும். தொலைபேசிக்கெனத் தனி இணைப்பு அங்கு காணப்பட்டால் அதனைத் தொடலாகாது. முதற் கருவியின் லான் துளையிலிருந்து இரண்டாவது ரூட்டரின் வான் துளைக்குக் கம்பியைச் செருகி, அந்த ரூட்டரில் ‘பிபிபிஓஇ’ முறையைத் தேர்ந்து, குறித்து வைத்த விவரங்களைப் பதியவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பாலமான கருவி காவல் புரிவதில்லை. இரண்டாவது ரூட்டரே இப்பொழுது வெளியுலகை நேராக எதிர்கொள்கின்றது. ஆதலின், அதன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முன்னதாகவே மாற்றி, தீயரண் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, ரூட்டர் பெற்ற வெளி முகவரியை நோக்குக. அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், நிறுவனமே தன் நிலையத்தில் முகவரியை மாற்றுகின்றது என்பது பொருள். அந்நிலையில் பாலம் அமைத்தும் வெளியிலிருந்து அணுக இயலாது. தனிப் பொது முகவரியை நிறுவனத்திடம் கேட்டுப் பெறுதலே வழி.