குடாப்புக்குள் ஓர் ஆஸ்பத்திரி

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் என் பின்னால் வாருங்கள். சாளையின் பின்திண்ணையில், உரலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிற மூங்கில் குடாப்பு தெரிகிறதா? மேலே போர்த்திய சாக்கின் ஓரத்தை இரண்டே விரலால் தூக்குங்கள். உள்ளிருந்து ஒரு வட்டக்கண் உங்களை முறைக்கும். அதுதான் எங்கள் செவலை வெடைக்கோழி! பதினைந்து நாளாக உள்ளே இருக்கிறாள். இருட்டியதும் வெளியே வரப்போகிறாள். அதற்குள் இந்த இடத்தை உங்களுக்குக் காட்டிவிட வேண்டுமென்று காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொடுமுடியில் காவிரிக்கரைக் கரும்புக்காடுகளில் கீரிக்குப் பஞ்சமில்லை. பதினைந்து நாளைக்கு முன் ஒரு சாயங்காலம், ஒரு கீரி இவளைக் கவ்வியது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடியதும் போட்டுவிட்டு ஓடிப்போனது. இடது இறக்கைக்கு அடியில் தோல் கிழிந்து தொங்கியது. ஒரு கால் ஊன்றவில்லை. நான் மருந்தைத் தேடினேன். என் அம்மாவைப் பெற்ற அம்மாயி தேடியது பழைய நூல்சேலையை. சுற்றிக் குடாப்புக்குள் வைத்து, சாக்கைப் போர்த்தி இருட்டாக்கிவிட்டார். "மொதல்ல பயந் தெளியட்டுங் கண்ணு. மருந்து எங்கியும் போயிராது." காயம் ஆறக்கூடியதாக இருந்தும் அதிர்ச்சியிலேயே கோழி செத்துப்போவதுண்டு. அரைமணி நேரம் கழித்துத்தான் வெல்லத்தண்ணீர்.

அதைக் கொடுக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. கோழிக்கு நாக்கின் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அம்மாயி விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து அலகோரத்தில் வைப்பார். அவளாகவே அலகை அசைத்து உள்ளே இழுத்துக்கொள்வாள். அடுத்த சொட்டு. அதற்கடுத்தது. ஒரு டம்ளர் வெல்லத்தண்ணீருக்கு ஒரு சாயங்காலமே போகும்.

பிடிப்பதிலும் சூட்சுமம் உண்டு. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பாசத்தில் இறுக்கி அணைத்தால் மூச்சு முட்டிவிடும். உள்ளங்கையைச் சுட்ட சூட்டைப் பார்த்து, காய்ச்சலோ என்று நான் பதறியபோது அம்மாயி மற்றொரு கோழியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அதுவும் அதே சூடு! கோழிக்குச் சாதாரண உடம்புச்சூடே 41 டிகிரி செல்சியஸ் பக்கம்.

மறுநாள் காலையில் கால்நடை ஆஸ்பத்திரி. துணிப்பைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வண்டியில் வந்தாள். எலும்பு முறிவில்லை, சுளுக்குத்தான் என்றார் டாக்டர். காயத்தைக் கழுவித் தையல் போட்டு, கிருமிக்கு மருந்தும் கொடுத்தார். கடிவாய்க் காயத்தில் பல்லோடு கிருமியும் ஆழமாக இறங்கிவிடும். அதற்கு வீட்டு வைத்தியம் மட்டும் போதாது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ரகசியம்: மஞ்சள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளை அம்மாயி வேப்பெண்ணெயில் குழைத்துக் காயத்தைச் சுற்றித் தடவுகிறார். வேப்பெண்ணெய் வாசத்துக்கு ஈ அண்டாது. ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். மஞ்சளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சிவப்பைக் கண்டால் கோழிகளுக்குக் கொத்தாமல் இருக்க முடியாது. ரத்தம் தெரிகிற இடத்தைக் கூடவே வளர்ந்த கோழிகளே தோண்டிவிடும். மஞ்சள் பூசினால் அந்தச் சிவப்பு மறைந்துபோகிறது! வெளிநாடுகளில் இதற்காகவே ஊதாவும் நீலமுமான மருந்தைப் பூசுகிறார்கள்.

தீனிக்குக் குழைந்த கம்பஞ்சோறும் உதிர்த்த அவித்த முட்டையும். உள்ளே போவதைவிட வெளியே வருவதைத்தான் அம்மாயி கவனமாகப் பார்த்தார். தினமும் விடிந்ததும் சாக்கைத் தூக்கி எச்சத்தைப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வந்துவிட்டால் அதை முறிக்கும் மருந்து கிடையாது. முன்கூட்டியே ஊசி போட்டால்தான் உண்டு. உத்தராகண்டின் ராணிகேத் ஊர்ப்பெயரைத் தாங்கிய நோய் அது. அதற்குத் தடுப்பூசி தயாராவது நம் ராணிப்பேட்டையில், 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில்! பிப்ரவரி முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். எங்கள் கோழிகளுக்கெல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் அம்மாயி பார்ப்பதை விடவில்லை. நான்காம் நாள் காலை, கெட்டியான எச்சம், தலையில் வெள்ளைத் தொப்பியோடு! அந்த வெள்ளைதான் கோழியின் மூத்திரம். கோழி தனியாகப் பெய்வதில்லை. நானும் அம்மாயியும் குனிந்தபடியே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் குரல் வந்தது. பாடகி கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் இது; ஆனால் இங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது சாக்குக்கு அடியிலிருந்து வந்த ஒரு "க்கொ... க்கொ". பதினோராம் நாள் சுளுக்குக் காலாலேயே மண்ணைச் சீய்த்தாள்.

இனி மிச்சமிருப்பது ஒரே ஒரு கண்டம். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே 1921-ல் எழுதினார். பதினைந்து நாள் பிரிந்தவள் திரும்பினால் மற்றவை அவளைப் புதியவளாகவே நினைக்கும். பகலில் விட்டால் அடிதடிதான். அதனால்தான் இருட்டுக்குக் காத்திருக்கிறோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது.

கருக்கல் வந்துவிட்டது. டார்ச்சை அணைத்துவிடுங்கள். அம்மாயி அவளை மடியில் எடுத்து ஒருமுறை தடவிக்கொடுத்து, அடைப்புக்குள் குனிந்து, இரண்டு பெட்டைகளுக்கு நடுவே மெல்லச் செருகுகிறார். ஒன்று லேசாக முனகுகிறது. பிறகு நகர்ந்து இடம் கொடுக்கிறது.