“சூடுதான் சிஸ்டர்!”

பேறுகாலம் – 9

செவ்வாய்க்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் நாள். பூந்தமல்லி, ஆவடி பக்கம் எந்த நிலையத்துக்குப் போனாலும் காலையிலேயே பெஞ்சு நிறைந்திருக்கும். எடை, பி.பி., ரத்தம், சிறுநீர் என்று வரிசை நகரும். சென்ற வாரம் பார்த்த ரத்தசோகையாவது இமையை இழுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். கர்ப்ப காலத் தொற்றுகள் பலவும் அப்படி முகம் காட்டுவதில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதிலும் நேராகக் கேட்டால் பதில் வராது.

“ஒண்ணுக்குப் போகும்போது எரியுதாம்மா?”

“சூடுதான் சிஸ்டர். இளநி குடிச்சா சரியாப் போயிடும்.”

நம் ஊரில் சூட்டுக்குள் அடங்காத நோயே கிடையாது. நீர்க்கடுப்பு சூடு, வெள்ளைப்படுதல் சூடு, அடிவயிறு வலித்தாலும் சூடு. வெந்தயம், பார்லி, நன்னாரி எல்லாம் கை வைத்தியம். அவற்றால் கெடுதல் இல்லை, தண்ணீர் உள்ளே போவது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அனுபவமுள்ள செவிலியர் அங்கே விடமாட்டார். எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, குளிர் எடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே, முதுகில் விலா எலும்பு முடியும் இடத்தில் லேசாகத் தட்டுவார். “ஆ” என்று அவள் நெளிந்தால், தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறதோ என்ற சந்தேகத்தில் உடனே டாக்டரிடம் அனுப்புவார்.

கர்ப்பத்தில் இது ஏன் சுலபமாக ஏறுகிறது? புரொஜெஸ்டிரான் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை மேலிருந்து அழுத்துகிறது, வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக. ஓடாமல் தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகும். எரிச்சலே இல்லாமலும் பெருகும். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி அறிகுறியற்ற தொற்று இருக்கும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. சிகிச்சை இல்லாமல் விட்டால் இவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் தொற்று வரலாம் என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. குறைமாதப் பிரசவ அபாயமும் கூடவே வருகிறது.

ஒரு காலத்தில் செவிலியரிடம் ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும்தான் இருந்தன. குழாயில் சிறுநீரை எடுத்து மேல்பாகத்தை மட்டும் சூடாக்குவார்கள். கலங்கினால் அசிட்டிக் அமிலம் சில சொட்டுகள். கலங்கல் தெளிந்துவிட்டால் வெறும் உப்பு, நின்றால் ஆல்புமின் என்ற புரதம். இன்று அந்த வேலையை ஒரு காகிதப் பட்டை நிமிடத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் ஆல்புமினும் சர்க்கரையும் மட்டும் காட்டும் பட்டைக்குக் கிருமியைத் தெரியாது. அதற்கு வெள்ளணுவும் நைட்ரைட்டும் காட்டும் பட்டை வேண்டும். அதைவிட நம்பகமானது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரையும் கல்ச்சரைத்தான் முன்னே வைக்கிறது. அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லாததால், சிறுநீர் பிடிக்கும் விதத்திலேயே செவிலியர் பாதி வேலையை முடிக்கிறார். பி.பி. சரியாக இருந்து ஆல்புமின் மட்டும் லேசாகக் காட்டினால், கழுவிவிட்டு இன்னொரு முறை பிடித்து வரச் சொல்வார்: “மொதல்ல வர்றதை விட்டுடு, நடுவுல வர்றதைப் பிடி.” வெள்ளைப்படுதல் கலந்தாலும் பட்டை நிறம் மாறும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி முக்கியமானது. “மெடிக்கல்ல ஏதாவது வாங்கிப் போட்டியா?” எரிச்சலுக்கு ‘சிப்ரோ’ வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு, கர்ப்பிணிக்கு டாக்டர்கள் பொதுவாகத் தவிர்க்கும் மருந்து அது. டாக்சிசைக்ளின் குழந்தையின் பல்லைக் கறையாக்கும். எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது செவிலியர் பாடு.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அதைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளிலிருந்து வரும் பெண்களிடம் செவிலியர் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: வேலை இடத்தில் பாத்ரூம் போக முடிகிறதா? 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே கழிப்பறையைக் கட்டாயமாக்கியது. ஆனால் சூப்பர்வைசர் கண் முன்னால் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து போக எந்தக் கர்ப்பிணிக்குத் துணிச்சல் வரும்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். கடைகளில் நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. எழுந்து போகும் உரிமையைப் பற்றி நாம் இன்னும் அவ்வளவு பேசவில்லை. சிறுநீர்த் தொற்றை வீட்டுச் சுத்தப் பிரச்சினையாக மட்டும் பார்த்து, அந்தப் பெண்ணுக்கே அறிவுரை சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

ரத்தத்துக்கு வருவோம். ஹெச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ்-பி மூன்றும் தாயிடம் ஒன்றும் காட்டாமல் குழந்தைக்குப் போகக்கூடியவை. ஹெச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் எடுத்துப் போய்ச் சோதித்தார். அன்று அத்தனை பாடு. இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மருந்தை ஒழுங்காக எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இந்தச் சோதனையும் ஆலோசனையும் நடக்கும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

எனக்குச் சங்கடமாகத் தோன்றுவது சிபிலிஸ். மருந்து பழையது, மலிவானது: பென்சிலின் ஊசி. தொற்று எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. கணவருக்கும் சோதனை, சிகிச்சை. சுவர் ஒட்டிய லைன் வீட்டில், மாமியார் காதில் விழாமல் இதை எப்படிச் சொல்வது? நடுவில் ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போய்விடுவாள். போகாவிட்டாலும் வீடு மாறினாலே போதும். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது, சுற்றிலும் ஊராட்சிகள். ஒரு சாலையைத் தாண்டினால் நகர்ப்புறச் செவிலியர் போய் கிராம சுகாதாரச் செவிலியர் வந்துவிடுவார். மூன்றாவது ஊசி யார் கணக்கு? கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் ‘பிக்மி’ எண் இருப்பதால் புது இடத்தில் பழைய பதிவைத் தேடி எடுக்க முடிகிறது. ஆனாலும் போனைப் போட்டு, “அங்க ஊசி போட்டாச்சா?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இலங்கையில் அந்த ஆளுக்கு வேரூன்றிய இடம் இருக்கிறது. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவ மாதுவைக் கொடுத்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்ததாக 2019 டிசம்பரில் அந்நாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டுங்கள், கூழ் ஊற்றுங்கள், ஆனால் செவிலியரிடம் மறைக்காதீர்கள். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்கு அம்மை வந்தால் பிறக்கும் குழந்தைக்கு அது கடுமையாக இறங்கும். மழைக்காலக் காய்ச்சலை டெங்குவா என்று பார்க்காமல் விடுவதும் ஆபத்துதான்.

கடைசியில் பிரசவ அறை. பனிக்குடம் உடைந்து வருகிறவரிடம் முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு உடைஞ்சது?” மணி கூடக் கூடக் கிருமி மேலே ஏறும். துணியை வாங்கி நிறம் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். நாற்றம், தாய்க்குக் காய்ச்சல், நாடி வேகம், குழந்தையின் இதயத் துடிப்பு 160-ஐத் தாண்டுவது எல்லாம் தொற்றின் எச்சரிக்கைகள். “உள்ள கை விட்டுப் பாத்தீங்களா?” என்று உறவினர் அரை மணிக்கு ஒருமுறை கேட்பார்கள். நல்ல செவிலியர் அசைய மாட்டார். சாதாரணமாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வழி திறக்கிறது. தொற்று என்று பட்டால் ஆன்டிபயாடிக் முதல் டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் 108-ல் ஏற்றுவார். கீழ்ப்பாக்கமோ, எழும்பூரோ, திருவள்ளூரோ, எங்கே அனுப்பினாலும் சீட்டில் மருந்தின் பெயரும் கொடுத்த நேரமும் எழுதியிருக்க வேண்டும். அடுத்த டோஸை எப்போது கொடுப்பது என்பதை அங்கிருப்பவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

(தொடரும்)